ரீவைண்ட் பட்டனுக்குள் இருக்கும் கால எந்திரம்

அரையாண்டு விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் கார் பந்தய கேம் ஆடிக்கொண்டிருந்தான். வளைவில் வேகம் குறைக்காமல் திரும்பி, தடுப்புச் சுவரில் மோதி, கார் சுழன்று நின்றது. உடனே ஒரு பட்டனை அழுத்தினான். நொறுங்கிய பானெட் தன்னால் நிமிர்ந்தது. எழும்பிய புழுதி டயருக்கு அடியில் போய் ஒடுங்கியது. கார் பின்னால் சறுக்கிக்கொண்டே போய், வளைவுக்கு முந்தைய இடத்தில் நின்றது. மறுபடி ஓட்டினான், இந்த முறை பிரேக் பிடித்து. பந்தயம் முடிந்ததும் என்னிடம் திரும்பிக் கேட்டான்:

"மாமா, இப்ப கார் நிஜமாவே பின்னாடி ஓடுச்சா, இல்ல வீடியோவைத் திருப்பிப் போட்டாங்களா?"

"ரெண்டும் இல்லடா" என்றேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வீடியோ இல்லை என்பது சுலபமாகப் புரியும். வீடியோவைத் திருப்பிப் போட்டால் பார்க்கத்தான் முடியும், அதற்குள் புகுந்து ஓட்ட முடியாது. இவனோ நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அப்படியென்றால் அந்த நொடியில் காரின் வேகம், சக்கரம் திரும்பியிருந்த கோணம், கியர், பின்னால் வந்த கார்களின் நிலை எல்லாமே உயிரோடு திரும்பி வந்திருக்க வேண்டும்.

கேம் என்பது உள்ளே வெறும் எண்களின் கூட்டம். பொதுவாக நொடிக்கு 60 முறை, அழுத்தியிருக்கும் பட்டன்களைப் படிக்கிறது, பழைய எண்களிலிருந்து புதிய எண்களைக் கணக்கிடுகிறது, அதற்கேற்பப் படம் வரைகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம். அப்படியானால் கணக்கையே திருப்பிப் போட்டு, புதிய எண்களிலிருந்து பழைய எண்களைக் கண்டுபிடிக்கக் கூடாதா? பள்ளியில் படித்த நியூட்டன் விதிகளுக்குக் காலத்தின் திசை முக்கியமில்லை. வேகத்தின் குறியை மாற்றிவிட்டால் பந்து வந்த வழியே திரும்பிப் போகும்.

காற்றில் பறக்கும் பந்துக்கு இது சரி. சுவரில் மோதி நின்ற காருக்குச் சரிவராது. 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினாலும் 180-ல் வந்து மோதினாலும், கடைசியில் வேகம் 0 என்றுதான் எழுதப்படுகிறது. அந்த 0-வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முன்பு எவ்வளவு இருந்தது என்று சொல்லவே முடியாது. பழைய எண் அழிந்துவிட்டது. அழிவது என்பது வெறும் பேச்சுவழக்கு இல்லை என்று 1961-ல் ஐபிஎம் கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்த ரால்ஃப் லாண்டவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: ஒரு பிட் தகவலை, அதாவது ஒரே ஒரு 0 அல்லது 1-ஐ, அழித்தால் குறைந்தபட்சம் இவ்வளவு வெப்பம் வெளிவந்தே தீரும். 2012-ல்தான், 51 ஆண்டுகள் கழித்து, அந்தச் சிறு வெப்பத்தைச் சோதனையில் அளந்து காட்டினார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வருபவரிடம் "மூன்று வருடத்தில் என்ன பலன்?" என்று கேட்கும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். லாண்டவரிடம் அப்படிக் கேட்டிருந்தால் அவர் என்ன பதில் சொல்லியிருப்பார்?

ஆக, பின்னோக்கிக் கணக்குப் போட முடியாது. மிச்சம் இருப்பவை இரண்டே வழிகள்.

முதல் வழி, நடந்த எல்லாவற்றையும் எழுதி வைப்பது. ஒரு கேமில் நகரும் பொருட்கள் 300 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 10 எண்கள், ஓர் எண்ணுக்கு 4 பைட். ஒரு ஃபிரேமுக்கு 12,000 பைட், நொடிக்கு 7,20,000 பைட். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் எந்திரத்தில் இருந்த மொத்த மெமரியே 512 எம்பி. வேறு எதற்கும் இடம் விடாமல் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் 12 நிமிடச் சொச்சத்தில் நிரம்பிவிடும்.

இங்கேதான் என் அம்மாவின் பால் கணக்கு உதவிக்கு வருகிறது. அடுப்படிச் சுவரில் தொங்கும் காலண்டரில் அம்மா கணக்கு எழுதுவார். தினமும் ஒரு லிட்டர் என்பது வாடிக்கை, அதை எழுதுவதே இல்லை. பால் வேண்டாம் என்று சொன்ன நாளில் ஒரு பெருக்கல் குறி. விருந்தாளி வந்த நாளில் கட்டத்தின் ஓரத்தில் பொடியாக 'அரை'. மாதக் கடைசியில் பார்த்தால் முப்பது கட்டங்களில் நாலைந்தில்தான் பென்சில் பட்டிருக்கும். ஆனால் எந்தத் தேதியைக் கேட்டாலும் அன்றைக்கு எவ்வளவு பால் வந்தது என்று சொல்லிவிடுவார். கேமும் இதையே செய்கிறது. அசையாமல் கிடக்கும் பெட்டியைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் குறிக்கிறது. மாறுதல்களையே கோத்துக்கொண்டு போனால் கூட்டிக் கழிக்க நேரமாகும் என்பதால், அவ்வப்போது ஒரு முழு ஃபிரேமையும் எழுதி வைக்கிறது, கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் 'முன் இருப்பு' எழுதுகிற மாதிரி. 2008-ல் வந்த, காலத்தைத் திருப்பியே புதிர்களை விடுவிக்கும் பிரெய்ட் கேமில் அதை உருவாக்கிய ஜொனாத்தன் ப்ளோ எடுத்துக்கொண்டது இந்த வழிதான். 2003-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வில் இளவரசனின் குறுவாளில் மந்திர மணல் இருக்கும். மணல் இருக்கும் வரைக்கும்தான் காலத்தைத் திருப்பலாம், அதுவும் சில நொடிகள். இதை ஒரு நல்ல வடிவமைப்பு என்று நினைக்கிறேன். எந்திரத்தின் எல்லையையே ஆடுபவரின் கையில் ஓர் எரிபொருளாகக் கொடுத்து, பார்த்துச் செலவழி என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது வழி எனக்கு இதைவிடப் பிடிக்கும். உலகத்தை எழுதி வைக்காமல், ஆடுபவர் அழுத்திய பட்டன்களை மட்டும் எழுதி வைப்பது.

1993 டிசம்பரில் வெளிவந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமைத் திறந்துவிட்டு எதையும் தொடாமல் இருந்தால், தானாகவே ஓர் ஆட்டம் ஓட ஆரம்பிக்கும். யாரோ ஒருவர் ஓடுவார், சுடுவார், கதவைத் திறப்பார். பார்த்தால் வீடியோ போலவே இருக்கும். உண்மையில் அந்தக் கோப்பில் படமே கிடையாது. டூமின் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் 4 பைட்தான் எழுதப்பட்டிருக்கும்: முன்-பின் நகர்வு, பக்கவாட்டு நகர்வு, திரும்பல், பட்டன்கள். நொடிக்கு 140 பைட். ஒரு மணி நேர ஆட்டம் அரை எம்பி. அந்தக் காலத்து 1.44 எம்பி ஃபிளாப்பியில் கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தை அடைத்துவிடலாம்! அந்தப் பட்டன்களைக் கேமுக்குள் மறுபடி ஊட்டினால், கேம் அதே ஆட்டத்தை அப்படியே மறுபடி நடத்திக் காட்டுகிறது.

அப்படியே நடக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். ஒரு மயிரிழை பிசகினாலும் கதை கெட்டது. அதனால் டூம் தசம எண்களை ஃபுளோட்டிங் பாயின்ட் முறையில் வைத்துக்கொள்வதில்லை. அந்த முறையில் கடைசி இலக்கம் பிராசசருக்குப் பிராசசர் வேறுபடலாம். 32 பிட் முழு எண்ணை எடுத்து, அதில் 16 பிட்டைப் பின்னத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. முழு எண் கூட்டல் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றுதான்.

பகடையை என்ன செய்வது? கைத்துப்பாக்கிக் குண்டு ஒன்று பட்டால் 5, 10, 15 என்று ஏதோ ஒரு சேதம். எது என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்ய வேண்டும். பகடை நிஜமாகவே குருட்டுப் பகடையாக இருந்தால் மறுபடி ஓட்டும்போது வேறு எண் விழும்.

டூமின் விடை 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணை. எழுதும்போதே கலைத்துப் போட்டு புரோகிராமுக்குள் நிரந்தரமாக வைத்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்கியதும், எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று காட்டும் ஒரு சுட்டி அதன் தலைமாட்டில் நிற்கும். பகடை கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டம் நகர்ந்து அங்கே உள்ள எண்ணைக் கொடுக்கும். முதலில் 8, அடுத்து 109, 220, 222, 241. கடைசிக் கட்டம் வந்தால் மறுபடி முதலுக்கு. துப்பாக்கிக்கு வந்த எண்ணை மூன்றால் வகுத்து, மீதியோடு ஒன்று கூட்டி, ஐந்தால் பெருக்குகிறார்கள். 8 விழுந்தால் மீதி 2, சேதம் 15. 109 விழுந்தால் 10. 222 விழுந்தால் மீதியே இல்லை, வெறும் 5. ஆடுபவருக்கு இது அதிர்ஷ்டம் மாதிரித் தெரியும். ஏனென்றால் அடுத்து யார் பகடை கேட்பார்கள், அரக்கனா, குண்டா, மினுங்கும் விளக்கா என்பது அவர் எப்போது எந்தப் பட்டனை அழுத்துகிறார் என்பதைப் பொறுத்தது.

1997-ல் டூமின் புரோகிராமை (சோர்ஸ் கோட்) எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். அதைப் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அட்டவணை ஒன்றுதான், ஆனால் சுட்டிகள் இரண்டு! ஒன்று ஆட்டத்துக்கு மட்டும். மற்றொன்று கண்காட்சிக்கு. திரையின் அடியில் வீரனின் முகம் இடதும் வலதுமாகப் பார்க்குமே, அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கும், ஒரு லெவல் முடிந்து மாறும்போது பழைய திரை மெழுகு போல உருகி வழியுமே, அதில் எந்தச் செங்குத்துப் பட்டை முந்த வேண்டும் என்பதற்கும் இரண்டாவது சுட்டி. படமே வரையாமல் ஆட்டத்தை மட்டும் ஓட்டினால் திரை உருகாது, அந்தப் பகடைகளும் உருளாது. ஒரே சுட்டியாக இருந்திருந்தால் அங்கேயே ஆட்டம் தடம் மாறியிருக்கும். உலகத்தை நடத்தும் பகடையும் அலங்காரத்துக்கு உருட்டும் பகடையும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்.

சுட்டி ஒரே ஒரு கட்டம் பிசகினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கலாம். வேறு பதிப்பில் பதிவான ஆட்டத்தை ஓட்டினால் சில சமயம் அது நடக்கும். சாக வேண்டிய அரக்கன் 15-க்குப் பதில் 10 வாங்கிப் பிழைத்துக்கொள்வான். அவன் அடித்ததில் வீரன் அரை அடி தள்ளிப் போவான். அதற்குப் பிறகும் பட்டன்கள் பழையபடியே வந்துகொண்டிருக்கும். வீரன் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் முட்டிக்கொண்டு நடப்பான், கதவில்லாத இடத்தில் கதவைத் திறப்பான், யாரும் இல்லாத மூலையைப் பார்த்துச் சுடுவான்.

நல்ல நேரம் பார்த்து லூட் பாக்ஸ் (கேமுக்குள் பணம் கொடுத்து வாங்கும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டி) திறக்கிற கல்லூரிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். வலது கையால் தொட்டால்தான் ராசி என்கிறான் ஒருவன். தம்பிகளா, பகடையை உருட்டுவது ஒரு கணக்கு. அதற்கு ராகு காலமும் தெரியாது, உங்கள் நட்சத்திரமும் தெரியாது. தயவுசெய்து அதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

இந்த இரண்டாவது வழியில் மூன்று நொடி பின்னால் போவது எப்படி? முன்னால் போய்த்தான். அவ்வப்போது உலகம் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து வைத்திருப்பார்கள். அதில் பக்கத்தில் உள்ளதைத் திறந்து, பட்டன்களை ஊட்டி, வேண்டிய இடம் வரைக்கும் வேகவேகமாக மறுபடி வாழ்ந்து வர வேண்டும்.

அந்தப் பிரதியில் எதையெல்லாம் சேர்ப்பது என்பதுதான் தலையாய வேலை. நானே ஒருமுறை உறியடி கேம் ஒன்று எழுதினேன். பானையை உடைத்தால் உள்ளிருந்து ஏதாவது ஒரு பழம் விழும். ரீவைண்ட் செய்தால் ஓடுகள் அழகாக ஒன்றுசேர்ந்து பானை ஆகும். மறுபடி அதே இடத்தில் அடித்தால், முன்பு மாம்பழம் விழுந்த பானையிலிருந்து இப்போது கொய்யா விழுந்தது. இரண்டு நாள் தேடினேன். பானையின் இடம், ஓடுகளின் வேகம், கயிற்றின் ஆட்டம் எல்லாம் பிரதியில் இருந்தன. பகடையின் சுட்டி மட்டும் இல்லை. ஒரே வரி சேர்த்ததும் மாம்பழம் திரும்பி வந்தது.

சிலர் இதை வேண்டுமென்றே முடிவு செய்கிறார்கள். 2012-ல் வந்த 'எக்ஸ்காம்: எனிமி அன்னோன்' என்ற கேம் தன் சேவ் கோப்பில் பகடையின் நிலையையும் சேர்த்தே வைக்கும். குறி தவறிய சூட்டை சேவிலிருந்து திறந்து மறுபடி அப்படியே சுட்டால் மறுபடியும் தவறும். பிரெய்டில் பச்சையாக ஒளிரும் பொருட்கள் ரீவைண்டுக்குக் கட்டுப்படாது. மற்றதெல்லாம் பின்னால் போக, எடுத்த சாவி ஒன்று கையிலேயே தங்கிவிடும். அந்தப் புதிர்களே இதில்தான் நிற்கின்றன.

நீங்கள் அறியாமலே கால எந்திரம் ஓடுகிற இடம் ஒன்று உண்டு: ஆன்லைன் சண்டை கேம்கள். டோக்கியோவில் ஒருவர், லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர். இடையில் சுமார் 8,800 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலும் ஒரு பட்டன் போய்ச்சேர 44 மில்லி நொடி ஆகும், அதாவது கிட்டத்தட்ட மூன்று ஃபிரேம். இதற்காக டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள் அந்தப் பட்டனுக்காகக் காத்திருப்பதில்லை. எதிராளி போன ஃபிரேமில் அழுத்தியதையே இப்போதும் அழுத்துகிறார் என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்திவிடும். நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குள் மனிதர்கள் விரலை அடிக்கடி மாற்றுவதில்லை என்பதால் பெரும்பாலும் ஊகம் பலிக்கும். பலிக்காதபோது, மூன்று ஃபிரேம் முந்தைய பிரதியைத் திறந்து, உண்மையான பட்டனை வைத்து, மூன்றையும் மறுபடி கணக்கிட்டு, அடுத்த படம் வரைய வேண்டிய நேரத்துக்குள் நிகழ்காலத்துக்கு வந்துவிடும். கண்ணில் படுவது எதிராளியின் கை லேசாக வெட்டி இழுத்த மாதிரி ஒரு அசைவு, அவ்வளவுதான்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா மகன் கை காய்ந்துபோன தட்டின் முன்னால் யோசித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அப்ப நான் சுவத்துல மோதினது எங்க போச்சு மாமா?"

"அந்த இடத்துல நீ புதுசா ஓட்டினதை எழுதியாச்சுடா. மோதினது இப்ப உன் ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு."

"அதான் பிரேக் புடிச்சேன்" என்றபடி கை கழுவ எழுந்தான்.