ஆவாரைக்குக் காது உண்டு

மடிப்பாக்கத்திலிருந்து வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். "டாக்டர், எங்க ஃப்ளாட் வாசல்லயே ஆவாரம்பூ கொட்டிக் கிடக்குது. சர்க்கரைக்கு ஒரு மாசமா டீ போட்டுக் குடிக்கிறேன்" என்று ஒரு கேரி பேக்கை மேசையில் வைத்தார். பை நிறைய மஞ்சள் பூ. ஆவாரம்பூ ஒன்றுகூட இல்லை. இதழ்கள் ஒட்டிக் குழல்போல இருந்த அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அலங்காரச் செடி, டெகோமா. நல்லவேளை, மஞ்சள் அரளியைப் பறிக்கவில்லை. அதன் விதையும் பாலும் இதயத்தைத் தாக்கும் விஷம்.

நிறத்தை மட்டும் பார்த்துப் பறிப்பதால் வரும் வினை இது. ஆவாரையில் ஐந்து இதழ்களும் தனித்தனியாக, ஓரம் சுருங்கி இருக்கும். அதைவிட உறுதியான அடையாளம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் காது மாதிரி விரிந்திருக்கும் இலைச்செதில்கள். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு 'காசியா ஆரிகுலேட்டா' என்று பெயர் வைத்தார். ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது. பின்னாளில் 'சென்னா' பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். பாக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் செடி ஒன்றுதான்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் இருக்கும். கருவண்டு வந்து பூவைப் பற்றிக்கொண்டு 'ர்ர்ர்' என்று உடம்பை அதிரவைத்தால்தான் மகரந்தம் உதிரும். 'தேன் ததும்பும் ஆவாரம்பூ' என்று யாராவது விளம்பரம் செய்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

பட்டையில் துவர்ப்பு அதிகம். தோல் பதனிடத் தலைமுறை தலைமுறையாக ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தியது அதனால்தான். அந்தத் துவர்ப்புச் சத்து இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகைக்கு மாத்திரை எடுப்பவர்கள் பட்டைக் கஷாயத்தை அதோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம்.

சரி, சர்க்கரைக்கு? சித்த மருத்துவத்தில் 'ஆவாரைக் குடிநீர்' என்ற கஷாயம் இருக்கிறது. அதிலும் ஆவாரை தனியாக இல்லை. கொன்றை, நாவல், மருதம்பட்டை என்று கூட்டாளிகள் உண்டு. ஆளைப் பார்த்துத்தான் கொடுப்போம். மாத்திரையோடு சேரும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் வாய்ப்புண்டு.

வந்தவரோ மாத்திரையையே நிறுத்தியிருந்தார். வெறும் வயிற்றில் 262. கேட்டதற்கு, "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சொல்லுவாங்களே" என்றார். பூத்ததே ஆவாரை இல்லையே, ஐயா!

அடுத்த மாதம் வண்டலூர்ப் பக்கமிருந்து ஒரு கிளை ஒடித்து வந்தார். காது இருந்தது. மாத்திரை அட்டையும் சட்டைப்பையில் இருந்தது.