வங்கி லாக்கர் ஒப்பந்தம்: கையெழுத்துப் போட்டீர்கள், நகல் வாங்கினீர்களா?

எங்கள் தெருவில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார். பேத்தியின் காதுகுத்துக்கு நகை எடுக்க வங்கிக்குப் போனவர், லாக்கரைத் திறந்து பார்த்தால் ஒரு ஜோடி வளையலைக் காணவில்லை. அதற்கு முன் திறந்தது பதினோரு மாதம் முன்பு. கிளையில் சொன்ன முதல் பதில், “நல்லா யோசிச்சுப் பாருங்கம்மா, போன தடவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பீங்க.” சிசிடிவி பதிவைக் கேட்டோம். அவ்வளவு பழைய பதிவு இல்லை என்றார்கள். நடுவில் யாராவது திறந்திருந்தால் எஸ்எம்எஸ் வந்திருக்குமே என்று பார்த்தால், வங்கியில் பதிவாகியிருந்தது காலமான கணவரின் எண். சரி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம் என்றால் நகலே இல்லை. கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

வளையல் எப்படிப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டிய வழிகள் அத்தனையும் விதியில் இருந்தன. அவர் போய்க் கேட்ட அன்று ஒன்றும் அவருக்குப் பயன்படவில்லை. இன்னொருவருக்கு அந்த நிலைமை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பின்னணி சுருக்கமாக. “நாங்கள் இடம்தான் வாடகைக்கு விடுகிறோம், உள்ளே இருப்பதற்குப் பொறுப்பல்ல” என்றுதான் வங்கிகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. கொல்கத்தாவில் 1994-ல் வாடகை கட்டிய பிறகும் ஒரு குடும்பத்தின் லாக்கரை வங்கி உடைத்துத் திறந்தது. ஏழு நகை வைத்திருந்ததாகச் சொன்னவருக்கு இரண்டுதான் திரும்பி வந்தன. அந்த வழக்கில் 2021 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் வங்கிக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவிட்டது. 2021 ஆகஸ்ட் 18 அன்று புதிய விதிகள் வந்தன. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. பழைய வாடிக்கையாளர்களும் புதிய ஒப்பந்தம் போட வேண்டும் என்று சொல்லி, அதற்கான கெடு 2023 டிசம்பர் 31 வரை நீண்டது.

அந்தக் கெடுவின்போதுதான் பலர் வரிசையில் நின்று, காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள்.

நகல் உங்கள் உரிமை

ஒப்பந்தம் இரண்டு பிரதி. இரண்டிலும் நீங்களும் வங்கியும் கையெழுத்திட வேண்டும். ஒன்று உங்களுக்கு. முத்திரைத்தாள் ஏற்பாட்டில் வங்கி உதவ வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

நகல் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். “ஹெட் ஆபீஸுக்குப் போயிருக்கு” என்பார்கள். “ஸ்கேன் பண்ணணும், அடுத்த வாரம் வாங்க” என்பார்கள். மூலப் பிரதி, லாக்கர் இருக்கும் அதே கிளையில் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஆகவே ஹெட் ஆபீஸ் பதில் செல்லாது. அலையாதீர்கள். நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள்:

“எனது லாக்கர் எண் ___. ___ தேதியில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகல் இதுவரை எனக்குத் தரப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் லாக்கர் விதிகளின்படி, இரு தரப்பும் கையெழுத்திட்ட நகலைத் தர வேண்டுகிறேன். பதிவில் உள்ள எனது கைபேசி எண், மின்னஞ்சல், நியமனதாரர் (நாமினி) பெயர், லாக்கரை இயக்க அனுமதி பெற்றவர்களின் பெயர் ஆகியவற்றையும் எழுத்தில் தெரிவிக்கவும்.”

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கிளையின் மின்னஞ்சலுக்கும் ஒன்று தட்டிவிடுங்கள். வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. எத்தனை நல்ல மனிதர்கள் மாதக்கணக்கில் வாயால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

நகல் வந்ததும், ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும், தெரிந்தவரை உட்காரவைத்துப் படியுங்கள். பொறுப்பு பற்றிய பத்தியை முதலில் பாருங்கள். உள்ளே இருப்பது தொலைந்தால் எந்த நிலையிலும் வங்கி பொறுப்பல்ல என்ற தோரணையில் இருந்தால் அது பழைய படிவம். நியாயமற்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் சேர்க்கக்கூடாது என்று விதி வெளிப்படையாகச் சொல்கிறது. புதிய படிவம் கேட்டு எழுதுங்கள். என்னென்ன வைக்கலாம் என்ற பத்தியையும் பாருங்கள். நகை, பத்திரம் வைக்கலாம், ரொக்கம் கூடாது. மகள் கல்யாணத்துக்கு என்று பணக்கட்டைச் சொருகிவைத்துவிட்டு, அது போனபின் அழுது பயனில்லை.

புதிதாக லாக்கர் கேட்கிறவர்களுக்கு

“காலி இல்லை” என்று வாயால் சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகையும், காலி இல்லையென்றால் காத்திருப்புப் பட்டியல் எண்ணும் தர வேண்டும். எண் கையில் இருந்தால், உங்களுக்குப் பின்னால் வந்தவருக்கு முன்னால் கொடுத்தார்களா என்று கேட்க முடியும்.

அடுத்தது எஃப்.டி. மூன்று ஆண்டு வாடகையும், தேவைப்பட்டால் உடைத்துத் திறக்கும் செலவும் சேர்ந்த தொகைக்கு மட்டும் வைப்புத்தொகை கேட்கலாம். வருட வாடகை 2,000 ரூபாய் என்றால் அது சில ஆயிரம்தான். “அஞ்சு லட்சம் எஃப்.டி. போட்டா லாக்கர் தரோம்” என்பது விதிக்குப் புறம்பு. ஏற்கெனவே லாக்கர் வைத்திருப்பவரிடமும், கணக்கை ஒழுங்காக நடத்திவருபவரிடமும் அந்தச் சிறு தொகையைக்கூட வற்புறுத்தக்கூடாது. இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தால்தான் லாக்கர் என்று ஒரு கிளையில் என் சித்தியிடம் கேட்டார்கள். “அதை எழுத்தில் கொடுங்கள்” என்று சித்தி சொன்னார். அப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை.

சாவி வாங்கும்போது இரண்டு விஷயம். சாவியில் வங்கியின், கிளையின் அடையாளக் குறியீடு பொறித்திருக்க வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் ஒப்படைத்த லாக்கர் என்றால் பூட்டை மாற்றிய பிறகே உங்களுக்குத் தர வேண்டும். மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள்.

180 நாள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்த எண்ணை வையுங்கள்.

ஸ்ட்ராங் ரூம் வாசலையும் பொது இடங்களையும் சிசிடிவி படம்பிடிக்க வேண்டும். பதிவை 180 நாளாவது வைத்திருக்க வேண்டும். அதற்குமேல் வைத்திருக்கும் கட்டாயம் இல்லை. நாமோ ஆடிக்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை என்றுதான் லாக்கரைத் திறக்கிறோம். பத்து மாதம் கழித்துத் திறந்து, காணோம் என்றால், முதல் நான்கு மாதத்தின் பதிவை வங்கி சட்டப்படியே அழித்திருக்கலாம். ஆசிரியைக்கு நடந்தது அதுதான். ஐந்து மாதத்துக்கு ஒருமுறை போய்த் திறந்து பாருங்கள். எடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் போங்கள்.

அடுத்த பாதுகாப்பு எஸ்எம்எஸ். லாக்கர் திறக்கப்பட்டால் அன்றைய நாள் முடிவதற்குள், தேதியும் நேரமும் குறிப்பிட்டு, பதிவான கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் தகவல் வர வேண்டும். நீங்கள் போகாத நாளில் யாராவது திறந்தால் தெரியவரும் ஒரே உடனடி வழி இதுதான். ஆனால் அது யார் எண்ணுக்குப் போகிறது? காலமான கணவர், வெளிநாட்டுக்குப் போன மகன், எப்போதோ கைவிட்ட சிம் என்றே பல வீடுகளில் இருக்கிறது. கணக்கில் எண்ணை மாற்றினால் லாக்கரிலும் மாறிவிடும் என்று நம்பிவிடாதீர்கள், தனியாகக் கேளுங்கள். அடுத்த முறை திறந்துவிட்டு வந்த அன்று செய்தி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மறுநாளே எழுதிக் கேளுங்கள்.

மூன்றாவது, பதிவேடு. வாடிக்கையாளரானாலும் ஊழியரானாலும் லாக்கர் பக்கம் போனவர் பெயர், தேதி, நேரம், கையெழுத்து இருக்க வேண்டும். உள்ளே போன நேரத்தை எழுதிவிட்டு, வெளியே வந்த நேரத்தை விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், நீங்களே நிரப்புங்கள். பூட்டியபின் கதவை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நீங்கள் போனபிறகு சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று சரிபார்ப்பது வங்கி ஊழியரின் கடமையும்கூட. திறந்து கிடந்தால் உடனே மூடி, உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

பொருள் காணவில்லை என்றால்? வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு நாளைக்கு வரலாம் என்று நினைக்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். உங்களுக்குத் தெரியாமல் லாக்கர் திறக்கப்பட்டது, திருட்டு நடந்தது என்று புகார் வந்துவிட்டால், காவல்துறை விசாரணை முடிந்து தகராறு தீரும்வரை வங்கி சிசிடிவி பதிவை அழிக்கக்கூடாது. புகாரில் இந்த வரியைச் சேருங்கள்: “சிசிடிவி பதிவையும், லாக்கர் பதிவேட்டையும், மின்னணு நுழைவுப் பதிவையும் பாதுகாத்து வைக்கவும்.” அதன் நகலோடு அன்றே காவல் நிலையம் போங்கள். மேனேஜர் “உள்ளுக்குள்ள விசாரிக்கிறோம், ரெண்டு வாரம் பொறுங்க” என்பார். அவர் விசாரிக்கட்டும். நீங்கள் பொறுக்க வேண்டியதில்லை.

நூறு மடங்கு எவ்வளவு?

தீ, திருட்டு அல்லது கொள்ளை, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி ஆகியவற்றால் இழப்பு ஏற்பட்டால், வங்கியின் பொறுப்பு வருட வாடகையைப் போல் நூறு மடங்கு. கேட்க நிறைவாக இருக்கும். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். இன்றைய விலையில் அது எத்தனை பவுன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே இருப்பது நாற்பது பவுன் என்றால் இந்தத் தொகை எந்த மூலைக்கு? உள்ளே இருப்பதற்கு வங்கி இன்சூரன்ஸ் எடுக்காது, விற்கவும் கூடாது. நீங்களே பொது இன்சூரன்ஸ் நிறுவனங்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தொகைகூடத் தானாக வராது. ஊரறிந்த கொள்ளை என்றால் சிக்கல் குறைவு. உங்கள் லாக்கரில் மட்டும் காணோம் என்றால், “திருட்டே நடக்கவில்லை” என்பதுதான் பதில். நீங்கள் என்ன வைத்தீர்கள் என்பது வங்கிக்குத் தெரியாது. அதனால் சான்று உங்கள் பக்கம் இருக்க வேண்டும். நகைக் கடை ரசீது, ஒவ்வொன்றின் எடை, தேதியோடு கைபேசியில் எடுத்த படம், எடுத்ததையும் வைத்ததையும் எழுதும் ஒரு சின்ன நோட்டு. நோட்டை லாக்கருக்குள் வைக்காதீர்கள்.

வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு வங்கி பொறுப்பல்ல. ஆனால் அவற்றிலிருந்து இடத்தைக் காக்கத் தக்க கவனம் எடுத்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. 2015-ல் சென்னையையும் 2023 டிசம்பரில் தூத்துக்குடியையும் பார்த்த நமக்கு இது வெறும் எழுத்து அல்ல. தாழ்வான பகுதியில் தரைக்குக் கீழே ஸ்ட்ராங் ரூம் இருக்கும் கிளை என்றால் வேறு கிளை பாருங்கள்.

உடைப்பது எப்போது

மூன்று ஆண்டு தொடர்ந்து வாடகை வராவிட்டால் உடைத்துத் திறக்கலாம். கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டு, கணக்கில் பணம் இல்லாமல் போய் மாட்டியவர்கள் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: வாடகை ஒழுங்காகக் கட்டினாலும் ஏழு ஆண்டு திறக்காமலே இருந்து, ஆளையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் திறக்கலாம். முன்னதாகக் கடிதம், எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கடிதம் திரும்பி வந்தால் நாளிதழில் அறிவிப்பு. வங்கி அதிகாரியும் இரண்டு தனிச் சாட்சிகளும் முன்னிலையில் திறந்து, வீடியோ எடுக்க வேண்டும். வீடு மாறியதும் முகவரியை மாற்றாதவர்களுக்கு இந்தக் கடிதம் எதுவும் வந்து சேராது.

நியமனதாரர் பெயரையும் இப்போதே பாருங்கள். பெயர் இருந்தால், உரிய ஆவணம் கொடுத்த 15 நாளில் வங்கி கோரிக்கையைப் பரிசீலித்து, லாக்கரைத் திறந்து பட்டியலிடத் தேதி குறிக்க உங்கள் வீட்டாரைத் தொடர்புகொள்ள வேண்டும். பெயர் இல்லையென்றால் வாரிசுச் சான்று, ஆட்சேபனை இல்லாக் கடிதம் என்று துக்க வீட்டுக்காரர்கள் தாலுகா ஆபீஸுக்கும் வங்கிக்கும் நடக்க வேண்டியிருக்கும்.

பதில் வராவிட்டால்

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வங்கிக்கு முதலில் எழுதாமல் நேரே போனால் தள்ளிவிடுவார்கள். அதற்குத்தான் அந்தச் சீல் வைத்த பிரதி. cms.rbi.org.in என்ற தளத்தில் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பெரிய இழப்பு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம். ஆனால் ஒரே விஷயத்தை ஆணையத்தில் நடத்திக்கொண்டே குறைதீர்ப்பாளரிடமும் கொண்டுபோக முடியாது. எங்கே போவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

ஆசிரியை இப்போது தன் எண்ணைப் பதிந்துவிட்டார். ஒப்பந்த நகல் நாற்பது நாள் கழித்து வந்தது. அதில் நியமனதாரர் கட்டம் காலியாக இருந்தது. மகள் பெயரை எழுதக் கொடுத்திருக்கிறார். அதற்கான ஒப்புகை இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி கிளைக்குப் போகிறோம்.