மாந்தச் சூழலியல்: சொல்லும் பொருளும்

மனிதர் தம்மைச் சூழ்ந்துள்ள நிலம், நீர், காற்று, பயிர், விலங்கு, பிற மனிதர் ஆகியவற்றால் எவ்வாறு உருவாகின்றனர் என்பதையும், அவற்றைத் தாம் எவ்வாறு உருமாற்றுகின்றனர் என்பதையும் ஒருங்கே ஆராயும் துறைக்கு ஆங்கிலத்தில் ‘ஹியூமன் எக்காலஜி’ என்று பெயர். தமிழில் இது மனிதச் சூழலியல், மானிடச் சூழலியல், மானுடச் சூழலியல், மாந்தச் சூழலியல் எனப் பலவாறு எழுதப்படுகிறது. ‘ஒருங்கே’ என்பதே இவ்விளக்கத்தின் உயிர்ச்சொல். சூழல் மனிதனை ஆக்குகிறது என்று மட்டும் சொன்னால், அது பழைய புவியியலாரின் நியதிவாதமாக நின்றுவிடும். மனிதன் சூழலை மாற்றுகிறான் என்று மட்டும் சொன்னால், அது பொறியியலின் வரலாறாகவோ மாசுபாட்டின் கணக்காகவோ முடிந்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று விடாமல் திருத்திக்கொண்டே செல்லும் போக்கைக் குறிக்கத்தான் இத்துறைக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

‘எக்காலஜி’ என்ற சொல்லை 1866ஆம் ஆண்டு ஆக்கியவர் ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். ‘ஓய்க்கோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லோடு, ஆய்வைக் குறிக்கும் ‘லோகோஸ்’ என்பதைச் சேர்த்து அவர் இதை அமைத்தார். ஓய்க்கோஸ் என்பது வெறுங் கட்டடமன்று. வீடு, அதில் வாழ்வோர், அவர்தம் உடைமை ஆகிய அனைத்தும் சேர்ந்த மனை அது. இதே வேரிலிருந்துதான் ‘எகனாமி’ என்ற சொல்லும் வந்தது. கிரேக்கத்தில் அதன் முதற்பொருள் மனையை நடத்தும் முறை என்பதே. டார்வினின் கருத்துகள் வெளிவந்து ஏழாண்டே ஆகியிருந்த அக்காலத்தில், ஓர் உயிரி தன்னைச் சுற்றியுள்ள புறவுலகோடு கொள்ளும் உறவுகள் அனைத்தையும் ஆராயும் அறிவியலுக்கு ஹெக்கல் ஒரு பெயரைத் தேடினார். ஆனால், பெயர் வைத்தவர் அத்துறையை வளர்க்கவில்லை. சொல் பல ஆண்டுகள் பெரிதும் ஏட்டளவிலேயே கிடந்தது. பின்னர் அதை எடுத்து வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தாவரவியலாளர். அவர்களுடைய சூழலியலில் மனிதனுக்கு இடம் மிகக் குறைவு.

மனிதனை அதனுள் கொண்டுவந்தவர்களில் முதலில் குறிப்பிட வேண்டியவர், அமெரிக்க வேதியியலாளர் எல்லென் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். துறையின் வரலாற்றைச் சொல்வோர் பலரும் சிகாகோ சமூகவியலாளரிலிருந்து தொடங்குவது, என் கருத்தில், நேர்மையான கணக்கன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்க்கப்பட்ட முதற்பெண்ணான ரிச்சர்ட்ஸ், 1892ஆம் ஆண்டிலேயே ஹெக்கலின் சொல்லைப் பொதுமேடையில் எடுத்தாண்டார். 1907ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், மனிதரின் சுற்றுப்புறம் அவர்தம் வாழ்வில் ஏற்படுத்தும் விளைவுகளை ஆராய்வதே மாந்தச் சூழலியல் என்று வரையறுத்தார்.

அவர் செய்த வேலை ஒன்றை அருகிலிருந்து பார்த்தால் இத்துறையின் இயல்பு விளங்கும். 1880களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆறு, ஏரி, கிணறுகளின் நீரைப் பெருமளவில் சோதிக்கும் பணி அவருடைய ஆய்வகத்துக்கு வந்தது. கடற்காற்று கொண்டுவரும் உப்பினால், கரையோர நீரில் குளோரைடு மிகுந்திருக்கும்; உள்நாட்டை நோக்கிச் செல்லச் செல்ல அது சீராகக் குறையும். ஆகவே, ஒரே அளவு இயற்கைக் குளோரைடு உள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்து ஒரு வரைபடம் ஆக்கினால், ஏதேனும் ஓரிடத்தின் நீரில் அக்கோட்டுக்கு உரிய அளவைவிட உப்பு மிகுந்திருக்கும்போது, அந்த மிகுதி மனிதரின் கழிவிலிருந்து வந்ததாகவே இருக்கக்கூடும் என்று ஐயுறலாம். மனிதர் நீரில் விட்ட தடத்தை அளப்பதும், அந்நீர் மனித உடலில் விடும் தடத்தைத் தடுப்பதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன. பின்னாளில் அவர் முன்னின்று உருவாக்கிய துறை மனையியல் என்ற பெயரைப் பெற்றது. 1908ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்க மனையியல் சங்கத்துக்கு அவரே முதல் தலைவர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் மனையியல் கல்லூரி 1969ஆம் ஆண்டு மாந்தச் சூழலியல் கல்லூரி என்று பெயர் மாறியதையும் இங்கே சேர்த்து எண்ணினால், ஓய்க்கோஸ் என்ற மனை எத்தனை முறை பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டது என்பது தெரியும்.

சிகாகோவின் ராபர்ட் பார்க், எர்னெஸ்ட் பர்ஜெஸ் ஆகியோர் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட சமூகவியல் நூலின் வழியே இப்பெயர் சமூகவியலில் நிலைபெற்றது. தாவரக் கூட்டங்களைப் பற்றிய ஆய்விலிருந்து ஊடுருவல் (புதிய இனம் ஓரிடத்துள் நுழைதல்), வழிமுறை மாற்றம் (ஒரு கூட்டம் இருந்த இடத்தை அடுத்த கூட்டம் பிடித்தல்) போன்ற கருத்துகளைக் கடன்வாங்கி, நகரின் பகுதிகளில் மக்கள் குடியேறுவதையும் வெளியேறுவதையும் அவர்கள் விளக்கினர். மனிதரைச் செடிகளைப் போல நடத்திவிட்டார்கள் என்ற குறை அவர்கள்மீது சொல்லப்பட்டது. அது முற்றிலும் பொய்யன்று.

புவியியலாரின் வழக்கு வேறு. ஃபிரீட்ரிக் ராட்செலும் அவரைப் பின்பற்றிய எல்லென் செம்பிளும் நிலத்தின் அமைப்பே மனிதரின் போக்கைப் பெரிதும் வகுக்கிறது என்ற கட்சியில் நின்றனர். அதற்கு முன்பே, 1864ஆம் ஆண்டில், ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் மறுபுறத்தைக் காட்டியிருந்தார்: மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் காடு அழிந்ததும் மண் அரித்து, ஊற்று வற்றி, நிலம் வேறாகிப்போனதற்கு மனிதரே காரணம் என்பது அவர் துணிபு. நிலம் வழிகளைத் தருகிறது, தேர்ந்தெடுப்பவன் மனிதன் என்ற நடுவழியைப் பிரெஞ்சு அறிஞர்கள் வகுத்தனர். 1922ஆம் ஆண்டு ஹார்லன் பாரோஸ் புவியியல் என்பதே மாந்தச் சூழலியல்தான் என்று வாதிட்டார். இவ்வழக்குகளில் ‘எது எதை ஆக்குகிறது’ என்ற கேள்வியே தவறாக எழுப்பப்பட்டது என்பதைக் காட்டும் சான்று, சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து, குருதியின் ஆய்விலிருந்து வந்தது.

அரிவாள் வடிவச் சிவப்பணுக்களைத் தரும் மரபணு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் கிடைத்தால் கொடிய நோயைத் தருகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் கிடைத்தால் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காக்கிறது. இவ்வளவு தீங்கு செய்யும் மரபணு மேற்கு ஆப்பிரிக்காவில் அவ்வளவு மிகுதியாகக் காணப்படுவது ஏன் என்பதை 1958ஆம் ஆண்டு மானிடவியலாளர் ஃபிராங்க் லிவிங்ஸ்டன் விளக்கினார். அடர்ந்த மழைக்காட்டில் வெயில் தரையைத் தொடாது; மக்கிய இலைமண் நீரை உறிஞ்சிவிடும்; வெயில் படும் தேங்குநீரில் முட்டையிடும் மலேரியாக் கொசுவுக்கு அங்கே இடமில்லை. வள்ளிக்கிழங்கு பயிரிட வந்தவர்கள் காட்டைத் திருத்தினர். திருத்திய நிலத்தில் மண் இறுகியது, மழைநீர் குட்டைகளாக நின்றது, குட்டையின்மேல் வெயில் விழுந்தது. அருகிலேயே மனிதர் நிலையாகக் குடியிருந்ததால் கொசுவுக்குக் குருதியும் தட்டில்லாமல் கிடைத்தது. மலேரியா பெருகியது; அதைத் தாங்கிய உடல்களின் வழியே அந்த மரபணுவும் தலைமுறைதோறும் பரவியது. மனிதன் காட்டை மாற்றினான், காடு கொசுவை மாற்றியது, கொசு மனிதனின் குருதியை மாற்றியது என்று வரிசைப்படுத்தலாம். ஆனால், இதில் எந்தக் கண்ணியைப் பிடித்து இதுதான் காரணம், அதுதான் விளைவு என்று பிரிப்பது? கால்நடை வளர்த்த மக்களிடம் வளர்ந்த பின்னும் பாலைச் செரிக்கும் ஆற்றல் மிகுந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. உலகின் வயதுவந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த ஆற்றல் இன்றும் குறைவு.

மாற்றம் உடலோடு நிற்பதில்லை. நெதர்லாந்தின் கரையோரச் சதுப்புகளில் இடைக்கால உழவர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். நீர் வடிந்த கரிச்சேற்று மண்ணில் காற்று புகுந்ததும் அது மக்கிச் சுருங்கியது, நிலம் தாழ்ந்தது, தாழ்ந்த நிலத்தில் மீண்டும் நீர் ஏறியது. நீரை இறைக்கக் காற்றாலைகளும், கரைகளைக் காக்க எல்லாரும் கூடிப் பொறுப்பேற்கும் நீர் வாரியங்களும் எழுந்தன. அவ்வாரியங்களுள் சில 13ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியவை. இறைக்க இறைக்க மண் மேலும் தாழ்ந்தது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஒருமுறை தொடங்கிய வேலையைக் கைவிட அந்த நிலம் இடம் கொடுக்கவில்லை.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘என்விரான்மென்ட்’ என்ற ஆங்கிலச் சொல், வட்டமாகச் சுற்றியிருத்தலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதில் சுற்றியிருப்பது மட்டுமே உண்டு, நடுவில் நிற்பவன் செய்வது எதுவும் இல்லை. தமிழின் ‘சூழ்’ என்னும் வேர் அப்படிப்பட்டதன்று. சூழ்தல் என்றால் சுற்றியிருத்தல். சூழ்தல் என்றால் எண்ணித் திட்டமிடுதலும் ஆகும். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்ற குறளில் சூழ்ச்சி என்பது ஆராய்ந்து எண்ணுதலே. அது வஞ்சகம் என்ற பொருளுக்குக் குறுகியது பிற்கால வழக்கு. ‘மற்றொன்று சூழினும் தான்முந் துறும்’ என்று ஊழைப் பற்றிச் சொல்லும் குறளிலும், தன் நிலையை மாற்ற மனிதன் வேறு வழி எண்ணுவதையே அச்சொல் குறிக்கிறது. மனிதனைச் சுற்றி நிற்பதும் மனிதன் எண்ணிச் செய்வதும் ஒரே வேரில் அடங்குவது, மாந்தச் சூழலியலுக்கு வாய்த்த நற்பேறு. சூழலியல் என்ற சொல்லை ஆக்கியோர் இதை நினைத்தே ஆக்கினர் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் சுற்றியிருத்தல் என்ற பொருளையே கருதியிருப்பர். ஆயினும், வேர் தரும் பொருளைப் பயன்படுத்திக்கொள்ள நமக்குத் தடையில்லை.

இவ்விருபோக்கும் பழந்தமிழுக்குத் தெரியாதவை அல்ல. ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும் மாந்தர்க்கு இனத்தியல்ப தாகும் அறிவு’ என்ற குறள், விழுந்த மண்ணின் தன்மையை நீர் ஏற்பதுபோல் மனிதனின் அறிவு அவன் சேர்ந்த கூட்டத்தின் தன்மையை ஏற்கும் என்கிறது. அதற்கு நேர்மாறான திசையில், ‘எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை வாழிய நிலனே’ என்று நிலத்தை விளித்துச் சொல்கிறார் புறநானூற்றில் ஔவையார். நாடோ காடோ பள்ளமோ மேடோ, நிலத்துக்கென்று தனி நன்மை இல்லை, வாழ்வோரின் நன்மையே அதன் நன்மை. இவ்விரண்டையும் இன்றைய அறிவியலின் முன்னறிவிப்பாக வாசிப்பது மிகை. இரண்டும் பேசுவது ஒழுக்கத்தைப் பற்றி.

சூழல், சூழ்நிலை, சுற்றுப்புறம், சுற்றுச்சூழல் ஆகிய நான்கும் இன்று கலந்து வழங்குகின்றன. சுற்றுப்புறம் என்பது கண்ணுக்கெட்டும் அக்கம்பக்கம். சூழ்நிலை என்பது ஒரு வேளையில் அமைந்த நிலைமை; ‘அன்றைய சூழ்நிலையில்’ என்கிறோம். சுற்றுச்சூழல் என்பதில் சுற்று, சூழல் இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்பதால் அதைப் பிழையென்று ஒதுக்குவோர் உண்டு. மீமிசை என்பதைப் போல ஒருபொருட்பன்மொழியாக அதை ஏற்பதில் எனக்குத் தயக்கமில்லை, அரசாணை முதல் பாடநூல் வரை ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவதால் பயனும் இல்லை. ஆனால், கலைச்சொற்களின் அடிச்சொல்லாகச் சூழல் என்பதே சிறந்தது. அது சிறியது, கூட்டுச்சொற்களுக்கு எளிதில் இடம் தருவது. 1935ஆம் ஆண்டு ஆர்தர் டான்ஸ்லி அறிமுகப்படுத்திய ‘எக்கோசிஸ்டம்’ என்பதற்கு இலங்கையில் வழங்கும் ‘சூழற்றொகுதி’, தமிழ்நாட்டில் வழங்கும் ‘சூழல் மண்டலம்’ இரண்டில் முன்னதே பொருத்தமாகப் படுகிறது. அங்கே கருதப்படுவது ஓரிடப்பரப்பு அன்று, ஒன்றோடொன்று பிணைந்தவற்றின் தொகை.

திணை என்ற சொல்லையே சூழலியலுக்கு நிகராக ஆளலாம் என்ற கருத்தும் அவ்வப்போது எழுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருளாக, மரமும் பறவையும் உணவும் தொழிலும் கருப்பொருளாக, மனித உணர்வு உரிப்பொருளாக அமையும் அவ்வகுப்பைப் பார்த்தவுடன் அந்த ஆசை எழுவது இயல்பே. ஆயினும், அங்கே தலைமை உரிப்பொருளுக்கு. முதலும் கருவும் அதற்குத் துணை நிற்பவை. திணை ஓர் இலக்கியக் கோட்பாட்டின் பெயர். அதை வேறொரு துறைக்குத் தந்துவிட்டால் இரண்டுக்கும் நட்டம்.

எஞ்சியது முன்னொட்டு. மனிதன், மானிடம், மானுடம் ஆகியவற்றை வடமொழி வழி வந்தவையாகக் கொள்வர். மக்கள் நல்ல தமிழ்ச் சொல்லே. ஆனால் ‘மக்கள் சூழலியல்’ என்றால் மக்கள் நடத்தும் இயக்கம் ஒன்றின் பெயர்போல ஒலிக்கும். மேலே காட்டிய குறளிலேயே உள்ள மாந்தர் என்பதிலிருந்து பெறும் ‘மாந்தச் சூழலியல்’ மயக்கமற்றது. மனிதச் சூழலியல் என்று எழுதினாலும் பிழையில்லை, ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. செய்திகளில் ‘சூழலியல் பாதிப்பு’, ‘சூழலியல் சீர்கேடு’ என்று எழுதுகின்றனர். சூழலியல் என்பது படிப்பின் பெயர். ஓர் ஆற்றில் சாயக்கழிவு கலந்தால் கெடுவது ஆறும் அதன் சூழலும், அவற்றை ஆராயும் துறையன்று. அவ்விடங்களில் சூழல் பாதிப்பு, சூழல் சீர்கேடு என்றும், துறையைக் குறிக்கும் இடங்களில் மட்டும் சூழலியல் ஆய்வு, சூழலியலாளர், மாந்தச் சூழலியல் பாடம் என்றும் எழுதுவதே முறை.