'ஹசார்டஸ் வெதர் அவுட்லுக்' என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவைக்கு நாடெங்கும் 122 முன்னறிவிப்பு அலுவலகங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவும் தம் எல்லைக்குள் வரும் பகுதிகளுக்கு வெளியிடுகிற சின்னக் குறிப்புதான் 'ஹசார்டஸ் வெதர் அவுட்லுக்'. இன்றைக்கும் இன்றிரவுக்கும் ஒரு பத்தி, இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரைக்கும் ஒரு பத்தி, கடைசியில் புயலைக் கண்ணால் பார்த்துத் தகவல் சொல்லும் தன்னார்வலர்களுக்கு ஓரிரு வரிகள். அவ்வளவுதான். வெயில் எத்தனை டிகிரி என்றெல்லாம் அதில் தேடக் கூடாது. உயிருக்கோ உடைமைக்கோ கேடு செய்யக்கூடியது ஏதாவது வருகிறதா என்பது மட்டுமே அதன் கவலை. ஒன்றும் இல்லாத நாளில் 'இடர்தரும் வானிலை எதிர்பார்க்கப்படவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

'அவுட்லுக்' ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கும் சொல். காவல் இருப்பவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பதைத்தான் முதலில் குறித்தது. 'இனி நிலைமை எப்படி இருக்கும்' என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் பலர் இதற்குக் 'கண்ணோட்டம்' என்று போட்டுவிடுகிறார்கள். அது ஒருவரின் பார்வைக் கோணம். வள்ளுவரிடம் போனால் இரக்கம் என்றே பொருள். 'முன்னோட்டம்' சினிமாக்காரர்களிடம் போய்விட்டது. 'முன்னறிவிப்பு' 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது. எனக்கு 'முன்பார்வை' போதும் என்று படுகிறது. பார்ப்பது என்ற மூலப்பொருளும் அதில் தங்கிவிடுகிறது.

'ஹசார்ட்' பழைய பிரெஞ்சில் ஒரு பகடை ஆட்டத்தின் பெயர். அதற்கும் முன்னால் அரபியில் வேர் உண்டு என்பார்கள், அதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. நமக்கு 'இடர்' கைவசம் இருக்கிறது. 'இடுக்கண் இடர்ப்பாடு உடைத்து' என்று 624ஆம் குறளிலேயே அது வருகிறது. பேரிடர் மேலாண்மை என்று அரசும் எழுதுகிறது. நடந்து முடிந்த பெருங்கேடு பேரிடர் என்றால், கேடு செய்யும் வாய்ப்புள்ள ஒன்றை இடர் எனலாம். ஆக, 'வானிலை இடர் முன்பார்வை'.

சரி, இந்தக் குறிப்புக்குள் வரும் சொற்களில்தான் உண்மையான சிக்கல். புளோரிடாவின் கிழக்குக் கரையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே காட்டுத்தீயும் கடலும் ஒரே குறிப்பில் அடுத்தடுத்து வரும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிக் கடந்து போனதும் காற்று வறண்டுவிடும். உறைபனியில் கருகிய புல் விறகாகக் கிடக்கும். அப்புறம் காற்று வடகிழக்கிலிருந்து கரையை நோக்கித் திரும்பினால் அலை உயரும். 1998 கோடையில் வறட்சியால் பரவிய தீக்காக ஃபிளாக்லர் கவுண்டி முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். பக்கத்திலிருக்கும் டேட்டோனாவில் ஜூலையில் நடக்கவிருந்த கார் பந்தயம் அக்டோபருக்குத் தள்ளிப்போனது. இரண்டுமே கடற்கரைப் பகுதிகள்.

தீக்கான எச்சரிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெட் ஃபிளாக் வார்னிங்'. காற்று பலமாக, ஈரப்பதம் குறைவாக, காய்ந்த செடிகொடி தீப்பிடிக்கத் தயாராக இருக்கும்போது வெளியிடுவது. அளவுகோல் ஊருக்கு ஊர் மாறும். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கு இறங்குவதைப் பார்ப்பார்கள். ஈரமான புளோரிடாவில் அதைவிட அதிக ஈரப்பதமே வறட்சிதான். இதைச் 'செங்கொடி எச்சரிக்கை' என்று மொழிபெயர்த்தால் நம்மூரில் ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். அது போகட்டும். அதே புளோரிடாவின் கடற்கரைகளில் சிவப்புக் கொடி பறந்தால் கடல் ஆபத்தாக இருக்கிறது என்று அர்த்தம், இரண்டு சிவப்புக் கொடி என்றால் தண்ணீரில் இறங்கவே கூடாது. தீயும் கடலும் ஒரே குறிப்பில் இருக்கும்போது 'செங்கொடி' எதைச் சொல்கிறது? கொடியை விட்டுவிட்டுக் 'காட்டுத்தீ வானிலை எச்சரிக்கை' என்பதே தெளிவு. அதற்கு முந்தைய படியான 'ஃபயர் வெதர் வாட்ச்' என்பதைக் 'காட்டுத்தீ வானிலை விழிப்பு' எனலாம். வாய்ப்பு இருந்தால் விழிப்பு, நெருங்கிவிட்டால் எச்சரிக்கை. நம் செய்திகளில் இரண்டையும் எச்சரிக்கை என்றே எழுதுவது சரியில்லை.

கடல் பக்கம் வரும் சொல் 'ரிப் கரன்ட்'. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும் நீர், மணல்திட்டின் இடைவெளி வழியாக ஒடுங்கிய ஓட்டமாகக் கடலுக்குத் திரும்புவது. வேகமானது நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். நல்ல நீச்சல்காரராலும் எதிர்த்து வர முடியாது. கரைக்கு இணையாக நீந்தி அதன் அகலத்தைக் கடந்துவிட வேண்டும். இதை ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், என்று சொல்வது தவறு, ஏனென்றால் இது ஓதத்தால் பிறப்பதில்லை. 'அடியிழுப்பு' என்பதும் தவறு, ஏனென்றால் அது ஆளை அடியில் அமுக்குவதில்லை, வெளியேதான் கொண்டுபோகிறது. 'கடல் இழுக்குது' என்று நாம் பேச்சில் சொல்வதை வைத்துக்கொண்டு 'இழுப்பு நீரோட்டம்' என்றால் யாருக்கும் புரியும்.

இந்தச் சொற்களை வைத்து ஒரு மாதிரிக் குறிப்பு எழுதினால் இப்படி வரும்: 'இன்றும் இன்றிரவும்: கடற்கரையெங்கும் இழுப்பு நீரோட்ட இடர் மிகுதி. உள்பகுதிகளில் பிற்பகலில் ஈரப்பதம் குறையும். காட்டுத்தீ வானிலை எச்சரிக்கை நடப்பில் உள்ளது. இரண்டாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: வறட்சி நீடிக்கும்.'