ஒரே கோபுரத்தில் இரண்டு வேலை

பந்திங்கில் என்னிடம் டியூஷன் படித்த பையன் இப்போது செம்பனை எண்ணெயிலிருந்து ரசாயனம் செய்யும் ஆலையில் இருக்கிறான். போன வாரம் கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "சார், வினை நடக்கிற ரியாக்டர் தனியா, கொதிக்க வச்சுப் பிரிச்சு வடிக்கிற கோபுரம் தனியா வேண்டாம், ரெண்டும் ஒண்ணாவே போதும்னு எஞ்சினியர் சொல்றாரு. எப்படி சார்?"

முடியும் தம்பி. 1980களிலேயே அமெரிக்காவின் டென்னஸியில் ஈஸ்ட்மேன் நிறுவனம் மீத்தைல் அசிட்டேட் என்ற கரைப்பானை அப்படித்தான் செய்தது. மூலப்பொருள் இரண்டே: மெத்தனால், அசிட்டிக் அமிலம். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவார்களே, அந்தச் சாதி அமிலம்தான். ரப்பர் பால் உறைய வைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த என் அம்மாவின் சேலையில் அந்தப் புளித்த வாடை வீடு வரை வரும்.

இரண்டும் சேர்ந்தால் மீத்தைல் அசிட்டேட்டும் தண்ணீரும். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து வரும் இந்த வகைப் பொருளுக்கு எஸ்டர் என்று பெயர். ஆனால் இது இருவழி வினை, பாதியிலேயே நின்றுவிடும். விளைபொருளை எடுத்துக்கொண்டே இருந்தால் வினை முன்னே நகரும், இது பள்ளிப் பாடம். சிக்கல் என்னவென்றால் எஸ்டர் தண்ணீரோடும் மெத்தனாலோடும் ஒட்டிக்கொள்ளும், வெறுமனே கொதிக்க வைத்துப் பிரிக்க முடியாது. அதற்காகத்தான் பழைய முறையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கோபுரங்கள்.

இப்போது அழகைப் பாருங்கள். 118 டிகிரியில் கொதிக்கும் அமிலத்தை உச்சிக்கு அருகில் விடுகிறார்கள், அது திரவமாக இறங்கும். 65 டிகிரி மெத்தனாலை அடிப்பக்கம் விடுகிறார்கள், அது ஆவியாக ஏறும். கோபுரத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தட்டுகளில், தட்டுக்குத் தட்டு இரண்டும் மோதி வினைபுரிகின்றன. 57 டிகிரி எஸ்டர் ஏறுகிறது, தண்ணீர் இறங்குகிறது. எஸ்டர் தன்னோடு கொஞ்சம் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். மேலிருந்து வரும் புது அமிலம் அதைப் பிடுங்கிக்கொண்டு கீழே போய்விடும். மூலப்பொருளே துடைப்பமும் ஆகிவிடுகிறது! தப்பி ஏறும் மெத்தனாலுக்கு மேலே அமிலம் காத்திருக்கும், தப்பி இறங்கும் அமிலத்துக்குக் கீழே மெத்தனால். இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லா வினைக்கும் இது ஒத்து வராது. வினை நடக்கும் சூடும் பிரிகிற சூடும் ஒன்றாக அமைய வேண்டும், அதைச் சின்னக் கோபுரம் கட்டிச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். புது மெஷினுக்குப் பூசணிக்காய் உடைக்கும் செலவை யாரும் கேட்பதில்லை, சோதனைக்குக் காசு கேட்டால் மட்டும் ஆபீஸ் கிராணிக்கு மயக்கம் வந்துவிடும்.

செம்பனைக் கொழுப்பமிலத்தை மெத்தனாலோடு சேர்த்தால் கணக்கு தலைகீழ். அங்கே எஸ்டர் கனம், அடியில் தங்கும். தண்ணீர்தான் மெத்தனாலோடு ஆவியாகி ஏறும். உன் ஆலையில் உச்சிக் குழாயில் என்ன வருகிறது என்று பார்த்து வா தம்பி, மீதியை அடுத்த ரொட்டி சானாயில் பேசுவோம்.