நாக்கில் ஒட்டும் ஊதாவும் ரத்தக்குழாயின் உள்சுவரும்

சில வாரங்களுக்கு முன்பு ஒரு அம்மா கைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். உலர்ந்த கிரான்பெர்ரி. அவருக்கு வயது 58, சுகர் வந்து 14 வருடம் ஆகிறது.

"பையன் பெங்களூர்ல இருந்து வாங்கிட்டு வந்தான் டாக்டர். சுகர்காரங்க பெர்ரி சாப்பிட்டா ரத்தக்குழாய்க்கு நல்லதாமே? தினமும் ஒரு கை அள்ளிச் சாப்பிடுறேன்."

பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததை இரண்டு பேருமாகப் படித்தோம். கிரான்பெர்ரிக்கு அடுத்த பெயரே சர்க்கரைதான். 100 கிராமில் 65 கிராமுக்கு மேல் சர்க்கரை. கிரான்பெர்ரி அப்படியே வாயில் போட முடியாத அளவுக்குப் புளிக்கும். அதனால்தான் கடைக்கு வருகிற உலர்பழத்தில் இவ்வளவு இனிப்பு ஏற்றுகிறார்கள். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. மகன் ஆசையாக வாங்கித் தந்தது. அவன் சொன்ன விஷயத்திலும் உண்மை இருக்கிறது. அதை ஒழுங்காக எடுத்துச் சொல்ல வேண்டியது என் வேலை என்று தோன்றியது.

சுகர் என்றாலே நம் ஆட்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். ஃபாஸ்டிங் 110 வந்துவிட்டால் நிம்மதி. ஆனால் சர்க்கரை நோயில் மனிதரைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தக்குழாய்தான். மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம், கண், கால் என்று எதை எடுத்தாலும் அடியில் இருப்பது குழாய்க் கேடு. அதனால்தான் என்னிடம் வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன். பாதத்தின் மேல்புறம், கட்டைவிரலுக்குப் போகும் தசைநாணை ஒட்டி இரண்டு விரல் வைத்தால் நாடித் துடிப்பு தெரிய வேண்டும். அந்த அம்மாவுக்கு வலது காலில் நன்றாகத் தெரிந்தது. இடது காலில் விரலை இரண்டு முறை நகர்த்தித் தேடித்தான் பிடிக்க முடிந்தது.

ரத்தக்குழாயின் உள்பக்கத்தில், ஒரே ஒரு செல் கனத்தில், மெல்லிய பூச்சு மாதிரி ஒரு படலம் உண்டு. எண்டோதீலியம் என்போம். வெறும் பூச்சு அல்ல, வேலை செய்கிற உறுப்பு. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து, தேவைப்படும்போது குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. இதைக் கண்டறிந்த மூன்று பேருக்கு 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தால் இந்தப் படலத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது செல்லைச் சிதைக்கும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள், கூடி, சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு பயன்படாமல் அழிகிறது. குழாய் விறைக்கிறது. வழுக்கிக்கொண்டு போக வேண்டிய வெள்ளை அணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன. கொழுப்புப் படிவு தொடங்குவது அங்கேதான்.

பெர்ரி இங்கேதான் வருகிறது. புளூபெர்ரிக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும் ஆந்தோசயனின் என்ற சாயப்பொருள் நேராக ரத்தத்தில் சேருவது கொஞ்சம்தான். மிச்சம் பெருங்குடலுக்குப் போய், அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதை உடைத்துச் சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை ரத்தத்தில் கலந்து குழாயின் உள்படலத்தைத் தொடுகின்றன. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சர்க்கரை நோயுள்ள எலிகளுக்கு ஸ்ட்ராபெர்ரிப் பொடியும் புளூபெர்ரிப் பொடியும் உணவில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குழாய்ச் சுவரில் வெள்ளை அணுக்கள் ஒட்டுவது குறைந்தது; குடல் நுண்ணுயிரிகளின் கூட்டமும் மாறியது. எலியில் நடந்ததெல்லாம் மனிதரில் நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இது வழி காட்டுகிற ஆய்வு.

மனிதர்களிடம் நடந்தவற்றில் நான் அடிக்கடி சொல்வது, இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு. 50 முதல் 75 வயதுக்குட்பட்ட 115 பேர். எல்லோருக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறு. அதாவது தொப்பை, பிரஷர், கொழுப்பு எல்லாம் சேர்ந்து சுகருக்கு வாசல்படியில் நிற்கிறவர்கள். ஆறு மாதம் தினமும் ஒரு பிரிவினருக்கு ஒரு கப் புளூபெர்ரிக்குச் சமமான பொடி, இன்னொரு பிரிவினருக்கு அரைக் கப், மூன்றாம் பிரிவினருக்கு அதே நிறத்தில் பழமில்லாத பொடி. குழாயைச் சோதிக்கும் முறை எளிது. முன்கையில் பிரஷர் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிக் கட்டி, சட்டென்று விடுவார்கள். ரத்தம் பாய்ந்து வரும்போது மேல்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். ஒரு கப் சாப்பிட்டவர்களுக்கு அந்த விரிவு 1.45 சதவீதப் புள்ளி கூடியிருந்தது. அரைக் கப்பில் பலன் இல்லை. இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை, எந்தப் பிரிவிலும் மாறவில்லை.

அந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். குழாய் கொஞ்சம் தளர்ந்தது, சுகர் கணக்கு அப்படியே இருந்தது. பழம் சாப்பிடுகிறோமே என்று மாத்திரையைக் குறைப்பதற்கு இதில் இடமே இல்லை. அந்த ஆய்வுக்கு ஒரு பங்கு பணம் கொடுத்தது அமெரிக்கப் புளூபெர்ரி விவசாயிகளின் கவுன்சில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஒரு கப் புளூபெர்ரி என்றால் ஏறக்குறைய 150 கிராம். நம் ஊர்க் கடையில் குளிர்பெட்டிக்குள் இருக்கும் சின்ன டப்பா அதைவிடக் குறைவு. அதன் விலையைக் கேட்டால், தினம் வாங்கிச் சாப்பிடுங்கள் என்று எந்த நோயாளியிடமும் சொல்ல எனக்கு மனம் வராது. ஊட்டி, கொடைக்கானல் ஸ்ட்ராபெர்ரி கிடைக்கிற காலத்தில் கட்டுப்படியாகும். 100 கிராமில் சர்க்கரையும் 5 கிராம் அளவுதான். ஆனால் நான் முதலில் கேட்பது நாவல்பழத்தைப் பற்றி. எங்கள் பக்கம் நாகப்பழம் என்போம்.

நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கைப் பார்த்திருப்பீர்கள். சட்டையில் பட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்த ஊதாக் கறைதான் ஆந்தோசயனின். டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் என்று புளூபெர்ரியில் சொல்கிற அதே வகைகள் நாவலிலும் இருக்கின்றன. புளூபெர்ரிக்கு நடந்த அளவு மனிதச் சோதனைகள் நாவலுக்கு நடக்கவில்லை. அதற்கான பணமும் ஆர்வமும் நம் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆடி மாதத்தில் பத்துப் பன்னிரண்டு பழம், மாலை டீயோடு வருகிற பிஸ்கட்டுக்கோ வடைக்கோ பதிலாகச் சாப்பிடுங்கள். பதிலாக என்பதுதான் முக்கியம். அதற்கு மேல் இது ஒன்று என்றால் கணக்கு ஏறத்தான் செய்யும். வண்டிக்காரர் உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டுக் குலுக்கித் தருவார். உப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழாய்க்காகச் சாப்பிடும் பழத்தோடு பிரஷரை ஏற்றிக்கொள்ளக் கூடாது.

ஜூஸ், ஸ்குவாஷ், ஜாம், மில்க்‌ஷேக் இவை எதுவும் இந்தக் கணக்கில் வராது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 1,87,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்ததில், முழுப்பழமாகப் புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைந்திருந்தது. பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குக் கூடியிருந்தது.

நாவல் கொட்டைப் பொடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவர் அதை நம்பி மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு நான்கு மாதம் கழித்து வந்தார். காலில் புண், சுகர் 380. அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. பிரேசிலில் நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்து முறையாகச் சோதித்தபோது ரத்தச் சர்க்கரை குறையவில்லை. பழம் உணவு. உணவாகச் சாப்பிடும்வரை நல்லது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கூடியவர்கள், பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் எந்தப் பழமானாலும் அளவைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். இடது காலுக்கு, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "பஸ் ஸ்டாண்டுல நாகப்பழம் வந்திருச்சு டாக்டர், வாங்கலாமா?" என்று கேட்டார்.

"வாங்குங்கம்மா. உப்பு இல்லாம."