ஊசி போடாத பாதிக் குடும்பம்

செம்பூர், மாட்டுங்கா பக்கத்து ஹவுசிங் சொசைட்டி வாட்ஸ்அப் குழுக்களில் ஜூலை பிறந்தால் ஒரு போட்டோ வரும். வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரை ஊற்றினேன், பதினைந்தே நாளில் கறிவேப்பிலை எப்படித் தழைத்திருக்கிறது பாருங்கள் என்று. மும்பை மழையில் தழைக்காத செடி எது? தோல் தண்ணீருக்குத்தான் அந்தப் பெருமை என்று சொல்ல, அதே நர்சரியில் வாங்கிய அதே உயரச் செடி இன்னொன்று, அதே ஜன்னல் கிரில்லில், வெறும் தண்ணீரில் வளர்ந்திருக்க வேண்டும். ஒன்று போதாது, ஒற்றைச் செடி காரணமில்லாமலும் சோடை போகும். நாலைந்தாவது வேண்டும்.

அந்த வெறும் தண்ணீர்ச் செடிகள்தான் கட்டுப்பாட்டுக் குழு. உயிரியலில் இது இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. கல் சும்மா கிடக்கும், உயிர் சும்மா இருக்காது. வளரும், வாடும், மருந்து கொடுக்காமலே பிழைத்தும் கொள்ளும்.

இதைச் சொல்ல மும்பையைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1896-இல் இங்கே பிளேக் பரவியபோது, ஒடெசாவில் பிறந்த வால்டெமர் ஹாஃப்கின் பைகுல்லாவில் உள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி தயாரித்தார். ஆட்டிறைச்சியிலிருந்து எடுத்த சாற்றின் மேல் நெய்த் துளிகளை மிதக்கவிட்டால், கிருமி அந்தத் துளிகளில் பற்றிக்கொண்டு விழுதுபோல் கீழே தொங்கி வளரும். பிறகு சூடாக்கிக் கிருமியைக் கொன்று, கெடாமலிருக்கக் கார்பாலிக் அமிலம் சேர்ப்பார். 1897 ஜனவரி 10 அன்று தனக்கே போட்டுக்கொண்டார். துணிச்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஊசி ஆளைக் கொல்லாது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியவில்லை. அந்த மாதம் ஊசியே போடாத பம்பாய்க்காரர்களில் பெரும்பாலோருக்கும் பிளேக் வரவில்லையே!

அதே மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தது. முன்வந்த கைதிகளுக்கு ஊசி, மற்றவர்களுக்கு இல்லை. ஒரே கூரை, ஒரே சாப்பாடு. ஊசி போட்டவர்களிடம் நோய் குறைவாகவே வந்தது. சரி, ஆனால் முன்வந்தவர்கள் ஒருவேளை முதலிலிருந்தே திடமானவர்களாக இருந்திருந்தால்?

அந்த ஓட்டை 1898-இல் பரோடா சமஸ்தானத்து உந்தேரா கிராமத்தில் அடைபட்டது. குடும்பம் குடும்பமாக நிற்கவைத்து, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஹாஃப்கின் ஊசி போட்டார். அப்புறம் பிளேக் நுழைந்த வீடுகளை மட்டும் எடுத்து எண்ணினார்கள். ஊசி போட்ட 71 பேரில் 8 பேருக்கு நோய், 3 பேர் இறந்தார்கள். போடாத 64 பேரில் 27 பேருக்கு நோய், 26 பேர் இறந்தார்கள். ஒரே வீடு, ஒரே எலி, ஒரே அடுப்பு. என்னைக் கேட்டால் சிறைச் சோதனையைவிட இதுதான் பல மடங்கு உசத்தி.

இன்றைய ஆய்வாளர் அதற்கும் ஒரு குறை சொல்வார். காத்தது செத்த கிருமியா, கூடவே உள்ளே போன இறைச்சிச் சாறும் அமிலமுமா? அதனால் இப்போது ஒப்பிடும் குழுவுக்கும், மருந்து மட்டும் நீக்கிய அதே கரைசலை அதே ஊசியில் போடுவார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள். போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. பலன் தெரிந்த சிகிச்சை ஏற்கெனவே இருந்தால், பொதுவாக ஒப்பிடும் குழுவுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். வெறும் தண்ணீரைக் கொடுத்து 26 சாவை எண்ணிக்கொண்டிருப்பது இன்று நியாயமாகாது.

கொரோனா காலத்தில் நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்த ஆர்டிபிசிஆர் சோதனையிலும் இதே காவல் உண்டு. நோயாளிகளின் மாதிரிகளோடு, வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த குழாய் ஒன்றும், வெறும் தண்ணீர் விட்ட குழாய் ஒன்றும் மெஷினுக்குள் போகும். முதலாவது நெகட்டிவ் காட்டினால் ரசாயனம் வேலை செய்யவில்லை. தண்ணீர் பாசிட்டிவ் காட்டினால் எங்கோ கலப்படம். எது நடந்தாலும் அந்தச் சுற்றில் வந்த முடிவுகளை நம்ப முடியாது, மறுபடி ஓட்ட வேண்டியதுதான்.